ஜெர்மன் ஷெப்பர்ட், மாலினாய்ஸ், காகேசியன்... எல்லாம் 'ஷெப்பர்ட்'தான், ஆனா ஒரே குணம் இல்ல! வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை. உலகத்திலேயே பாதுகாப்பு அதிகமுள்ள வீடுகளில் ஒன்று. அங்கே அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகளையே ஒரு நாய் திரும்பத் திரும்பக் கடித்தது. அதன் பெயர் கமாண்டர். அப்போதைய அதிபர் ஜோ பைடன் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட். 2022 அக்டோபர் முதல் 2023 ஜூலை வரை குறைந்தது 24 கடிச் சம்பவங்கள் நடந்ததாக, பிறகு வெளியான சீக்ரெட் சர்வீஸ் ஆவணங்கள் காட்டின. 2023 அக்டோபரில் கமாண்டரை வெள்ளை மாளிகையில் இருந்தே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பு, 2021-ல், அதே குடும்பத்தின் மேஜர் என்ற ஜெர்மன் ஷெப்பர்டும் கடித்துவிட்டு வெளியேறியதுதான்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைப் பட்டியலிட்டு, அவற்றை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் உரிமம் தரக் கூடாது, ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. பிட்புல், ராட்வைலர் பெயர்தான் தலைப்புச் செய்தியானது. ஆனால் அந்தப் பட்டியலில் காகேசியன் ஷெப்பர்ட், மத்திய ஆசிய ஷெப்பர்ட், தென் ரஷ்ய ஷெப்பர்ட் என்று மூன்று 'ஷெப்பர்ட்'களும் இருந்தன.

ஜெர்மன் ஷெப்பர்ட் இல்லை. ராணுவமும் போலீஸும் இன்று அதிகம் விரும்பும் பெல்ஜியன் மாலினாய்ஸும் இல்லை.

அப்படின்னா காகேசியன் ஆபத்து, ஜெர்மன் ஷெப்பர்ட் பத்திரம் என்று அர்த்தமா? கமாண்டர் கதையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போடப்பட்டது என்று கூறி அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டது. சட்டச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த நாய்களின் குணம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது, ஒவ்வொன்றையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதுதான் வீட்டுக்கு வீடு தேவைப்படும் தகவல்.

ஷெப்பர்ட் என்பது வேலையின் பெயர்

ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர். ஆட்டு மந்தையோடு வேலை பார்த்த நாய் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிக்கலே இங்கேதான் ஆரம்பம். மந்தையில் நாய்க்கு ஒரே வேலை கிடையாது.

ஒரு வகை நாய், ஆட்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓட்டும். இன்னொரு வகை, மந்தை பக்கத்து வயலில் வாய் வைக்காமல் எல்லைக்கோட்டில் நடந்துகொண்டே இருக்கும். மூன்றாவது வகை, ஆட்டை ஓட்டவே ஓட்டாது. மந்தைக்குள்ளேயே படுத்துக் கிடந்து, ஓநாயோ சிறுத்தையோ வந்தால் எழுந்து நிற்கும்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசாக இருக்காது. கீதாரிகள் வயலில் கிடை போடும்போது கூடவே நாயும் இருக்கும். அது பெரும்பாலும் ஆட்டை மேய்க்கும் நாய் இல்லை, ராத்திரிக் காவலுக்கான நாய். ஓட்டுகிற வேலையை மனிதரே பார்த்துக்கொள்வார்.

இந்த மூன்று வேலைக்கும் மூன்று விதமான மூளை தேவை. தலைமுறை தலைமுறையாக அதற்கேற்ற குட்டிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்ததால், இன்று அந்த நாய் கிராமத்தில் இருந்தாலும் வேளச்சேரி அபார்ட்மெண்டில் இருந்தாலும் அந்தப் பழைய வேலையைத்தான் செய்யப் பார்க்கும்.

பார்டர் கோலி: கடிக்காது, ஆனா சும்மாவும் இருக்காது

ஓட்டும் வகையில் முதல் பெயர் பார்டர் கோலி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உருவான இனம். 1893-ல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்று சொல்வார்கள். இதன் ஆயுதம் பல் இல்லை, கண். தலையைத் தாழ்த்தி, பதுங்கி, ஆட்டை முறைத்தே நகர்த்தும். வேட்டை விலங்கின் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது வரை எல்லாமே இதில் உண்டு. கடித்துக் கொல்லும் கடைசிக் கட்டத்தை மட்டும் வளர்ப்பாளர்கள் அடக்கிவிட்டார்கள்.

புத்திசாலித்தனத்தில் கில்லாடி. அமெரிக்காவின் வாஃபோர்டு கல்லூரிப் பேராசிரியர் ஜான் பில்லி வளர்த்த சேஸர் என்ற பார்டர் கோலி, 1,022 பொம்மைகளின் பெயரைத் தனித்தனியாக அறிந்திருந்ததாக 2011-ல் ஆய்வு வெளியானது.

அந்த மூளைக்கு வேலை தராமல் வீட்டில் வைத்தால்? சுவரில் ஓடும் நிழலைத் துரத்தும், பைக்கைத் துரத்தும், ஓடும் குழந்தைகளைச் சுற்றிவளைத்து ஒரே மூலையில் சேர்க்கும். கடி பயம் குறைவு, தலைவலி அதிகம். இதைப் பற்றி இவ்வளவு போதும். செய்திகளில் அடிபடுவது அடுத்த இரண்டு வகைதான்.

ஜெர்மன் ஷெப்பர்ட்: நடமாடும் வேலி

ஜெர்மனியில் வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே நீளமான புல் பட்டைகளில் ஆடு மேய்ப்பார்கள். ஓரத்தில் நாய் காலை முதல் மாலை வரை முன்னும் பின்னும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஆடு கோட்டைத் தாண்டினால் பிடித்துத் தள்ளும், உடனே விட்டுவிடும். மேய்ப்பரின் ஒரு சொல்லுக்கு நிற்கும். வேலி என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும்.

1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இப்படிப்பட்ட ஒரு நாயை வாங்கி ஹோராண்ட் என்று பெயரிட்டார். அதுதான் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தின் முதல் பதிவு. தொழிற்சாலைகள் பெருகி மந்தைகள் குறைய, இந்த நாய்க்குப் போலீஸிலும் ராணுவத்திலும் வேலை தேடிக் கொடுத்தவரும் அவரே.

எல்லையைக் காப்பது, கட்டளைக்குக் காது கொடுப்பது, புது ஆளைச் சந்தேகமாகப் பார்ப்பது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இதன் குணம். குடும்பத்தில் ஒருவரோடு பசையாக ஒட்டிக்கொள்ளும். பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் கற்கும், கற்றதை மறக்காது. முதல் முறை நாய் வளர்ப்பவருக்கும், நேரம் ஒதுக்கினால், சமாளிக்கக்கூடிய வேலை நாய் இதுதான்.

ஆனால் அந்தச் சந்தேகக் குணத்தைப் பழக்கிவைக்க ஒரு குறுகிய காலம்தான் இருக்கிறது. குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் சுமார் மூன்று, மூன்றரை மாதம் வரை. அந்தக் காலத்தில் குடை, ஹெல்மெட், லிஃப்ட், டெலிவரி பையன், பேண்டு சத்தம் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். மொட்டை மாடியில் கூண்டுக்குள் வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒரு வயதில் உலகமே எதிரியாகத் தெரியும்.

கமாண்டருக்கு என்ன ஆனது என்பதை வெளியில் இருந்து முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஷிஃப்ட் மாறி மாறி வரும் ஆயுதம் ஏந்திய ஆட்கள், எப்போதும் நடமாட்டம், இது உன் எல்லை என்று தெளிவாகக் காட்ட முடியாத ஒரு மாளிகை. வேலியாக இருக்கப் பிறந்த நாய்க்கு இதைவிடக் குழப்பமான இடம் கிடைக்காது.

மாலினாய்ஸ்: வீடியோவில் பார்த்தது வேற, வீட்டில் இருப்பது வேற

2011 மே மாதம் ஒசாமா பின்லேடனைத் தேடிச் சென்ற அமெரிக்கப் படையோடு போன நாய் கெய்ரோ, ஒரு மாலினாய்ஸ். 2019 அக்டோபரில் ஐஎஸ் தலைவர் அல் பாக்தாதி மீதான நடவடிக்கையில் காயமடைந்த கோனனும் அதே இனம். நம் ராணுவத்திலும் 2022 அக்டோபரில் அனந்தநாக்கில் குண்டடி பட்டு உயிரிழந்த ஸூம், 2024 அக்டோபரில் அக்னூரில் உயிரிழந்த ஃபேன்டம் என இந்த இனம் செய்தியில் இடம்பிடித்துக்கொண்டே இருக்கிறது. சிஆர்பிஎஃப், ஐடிபிபி, என்எஸ்ஜி மூன்றிலும் உண்டு. கேரள போலீஸின் மாயா, மர்ஃபி என்ற மாலினாய்ஸ் நாய்கள் 2024 வயநாடு நிலச்சரிவில் உடல்களைத் தேடும் பணியில் இருந்தன.

ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் மக்கள் கேட்பது ஒன்றே: 'குட்டி எங்க கிடைக்கும்?'

பெல்ஜியத்தின் மெஹலன் நகரத்தின் பிரெஞ்சுப் பெயரான மாலின் என்பதிலிருந்து வந்ததுதான் மாலினாய்ஸ். பார்வைக்கு ஒல்லியான ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரியே இருக்கும். ஆண் ஜெர்மன் ஷெப்பர்ட் 30 முதல் 40 கிலோ என்றால், ஆண் மாலினாய்ஸ் 25 முதல் 30 கிலோ. எடை குறைவு, அதனால் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் இருந்து இறங்கலாம், வெயிலிலும் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், சுவர் ஏறும். படைகள் இதை விரும்ப இவையும் காரணம்.

ஆனால் குணத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரு விஷயத்தைப் பார்த்து, அரை நொடி யோசித்து, உங்களைத் திரும்பிப் பார்க்கும். மாலினாய்ஸிடம் அந்த அரை நொடி கிடையாது. அசைவைப் பார்த்தவுடன் உடம்பு பாய்ந்துவிடும். ஓடுவது எதுவோ அதைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தீவிரவாதியைத் துரத்த அது வரம். சாயங்காலம் ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதே குணம் கணுக்காலில் பல்லாகப் பதியும். நாய் கெட்ட நாய் இல்லை. அதன் வேலையை அது பார்க்கிறது.

கையாளும் முறையும் வேறு. பழைய பாணியில் சங்கிலியைச் சுண்டி, அடித்துப் பழக்கினால் மாலினாய்ஸ் அடங்காது. வெறி ஏறிய நிலையில் இருக்கும்போது வலித்தால், கயிற்றைப் பிடித்திருக்கும் கையையே கடிக்கும். அதனால்தான் பெரும்பாலும் பந்தையோ கடிக்கும் துணி உருளையையோ பரிசாக வைத்துப் பயிற்சி தருகிறார்கள். வேலையை முடித்தால் பந்து. அந்த ஒரு பந்துக்காக இடிந்த கட்டடத்துக்குள்ளும் நுழையும். ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. நிற்க, காத்திருக்க, வாயில் உள்ளதை விட, ஒன்றும் செய்யாமல் படுக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாதி பயிற்சி.

படையில் இந்த நாய்க்கென்றே பொறுப்பான ஹேண்ட்லர் இருக்கிறார். அவருக்கு அது சம்பளத்தோடு கூடிய முழுநேர வேலை. ஐடி கம்பெனி ஷிஃப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வந்து இருபது நிமிடம் நடக்கக் கூட்டிப்போகும் ஒருவர், அதே நாயை அதே மாதிரி வைத்திருக்க முடியாது. சோபா கிழியும். பிறகு நாய் தன் வாலையே துரத்தும். அப்புறம் ஒரு நாள் யாரையாவது கடிக்கும். அதற்கப்புறம் 'இலவசமாகத் தரப்படும்' என்று ஒரு பதிவு வரும்.

காகேசியன், கங்கால்: உங்க பேச்சைக் கேட்கப் பிறந்த நாய் இல்ல

இப்போது தடைப் பட்டியலுக்குத் திரும்புவோம். அதில் துருக்கியின் கங்கால், அக்பாஷ், பால்கன் பகுதியின் டோர்ன்யாக், சர்பிளானினாட்ஸ், இவற்றோடு மேலே சொன்ன மூன்று ஷெப்பர்டுகள் என ஏழு இனங்கள், மந்தைக்குள் வாழும் காவல் நாய்கள். இவற்றை எட்டு வார வயதிலேயே ஆடுகளோடு விட்டுவிடுவார்கள். ஆடுதான் அதற்குக் குடும்பம். வளர்ந்தபின் ஐம்பது கிலோவுக்கு மேல் போகும் நாய், ஆட்டுக்குட்டி மேலே ஏறி விளையாடினாலும் அசையாமல் படுத்திருக்கும்.

இவை எவ்வளவு பயனுள்ளவை என்பதற்கு நமீபியா நல்ல சாட்சி. அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் விவசாயிகளுக்கு அனடோலியன், கங்கால் நாய்களை வளர்த்துக் கொடுக்கிறது. நாய் காவல் இருப்பதால் ஆடு பிழைக்கிறது. ஆடு பிழைப்பதால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுடுவதில்லை. 2022 செப்டம்பரில் குனோவுக்கு வந்த சிவிங்கிப்புலிகள் அந்த நமீபியாவில் இருந்து வந்தவைதான்.

நம் இமயமலையிலும் இதே வகை உண்டு. இமாச்சலின் கத்தி மேய்ப்பர்களோடு பனி மலையில் ஏறி இறங்கும் கத்தி நாய். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க இரும்பு முள் பட்டை கட்டுவார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் நாய்களுக்குப் பிறகு இதுவும் இந்திய இனமாக 2025-ல் அதிகாரப்பூர்வப் பதிவு பெற்றது.

இவற்றின் குணத்தை ஒரே வரியில் சொன்னால்: முடிவு எடுப்பது நாய்தான். நள்ளிரவில் மலையில் ஓநாய் வரும்போது மேய்ப்பர் தூங்கிக்கொண்டிருப்பார். கட்டளைக்குக் காத்திருக்கும் நாய் அங்கே உதவாது. அதனால் கேட்காமலே செயல்படும் நாய்களைத்தான் மேய்ப்பர்கள் வைத்துக்கொண்டார்கள். 'உட்கார்' என்று நீங்கள் சொன்னால், அதற்கு அர்த்தம் தெரியும். உட்கார வேண்டுமா என்பதை அது யோசிக்கும். இரவில் குரைக்கும். முழு வளர்ச்சிக்கு இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதுவரை கரடிக்குட்டி மாதிரி செல்லமாக இருந்த நாய், ஒரு நாள் உங்கள் மாமா வீட்டுக்குள் வரக் கூடாது என்று முடிவு செய்யும். நீங்கள் சொல்லி அது மாறாது.

அடித்துப் பழக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐம்பது கிலோ நாயோடு பலப்பரீட்சையில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்குத் தேவை உயரமான வேலி, விசாலமான இடம், வரும் போகும் ஆட்கள் குறைவான சூழல், குளிர். சென்னையில் இந்த நான்கில் ஒன்றுகூட கிடையாது. ஏசி அறையில் காகேசியன் படுத்திருக்கும் ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். பார்க்க ஜோர். நாய்க்கு அது ஜெயில்.

இதில் மோகம் எவ்வளவு என்பதற்கு ஒரு கூத்து. 2025 மார்ச்சில் பெங்களூருவில் ஒருவர், ஓநாயும் காகேசியன் ஷெப்பர்டும் கலந்த நாயை 50 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகச் சொல்லி இந்தியா முழுக்க வைரலானார். அடுத்த மாதம் அமலாக்கத் துறை வீட்டுக் கதவைத் தட்டியது. அப்படி ஒரு தொகை கைமாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது.

காலிங் பெல் அடித்தால்?

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சி போதும். வாசலில் காலிங் பெல் அடிக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது.

பார்டர் கோலி எழுந்து வீட்டில் உள்ள எல்லாரையும் சுற்றிச் சுற்றி ஓடும். ஜெர்மன் ஷெப்பர்ட் கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று குரைத்துவிட்டு, 'என்ன செய்யணும்?' என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையில்தான் உங்கள் பயிற்சி வேலை செய்யும். மாலினாய்ஸ், பெல் சத்தம் முடிவதற்குள் கதவில் இருக்கும். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அது தயார். ஆகவே பெல் அடித்தால் தன் பாயில் போய்ப் படுக்க வேண்டும் என்பதை, பெல் அடிக்காத நூறு நாட்கள் பழக்கியிருக்க வேண்டும். காகேசியன் ஒருவேளை எழவே எழாது. ஆள் தெருமுனையில் வரும்போதே அதற்குத் தெரியும். சிலிண்டர்காரர் வாசற்படியைத் தாண்டலாமா என்பதை அது தனியாக முடிவு செய்துவிட்டிருக்கும். அதனிடம் பேசிப் பயனில்லை, முன்கூட்டியே வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அதற்கான ஒரே 'டெக்னிக்' அதுதான்.

பட்டியல் போட்டால் பிரச்னை தீருமா?

இந்தக் காட்சியை வைத்துப் பார்த்தால், மத்திய அரசின் பட்டியலில் பாதி நியாயம் இருக்கிறது. கங்கால், காகேசியன் மாதிரி நாய்களுக்கு இந்திய நகரத்தில் இடமில்லை என்பதை மறுப்பது கடினம். ஆனால் 'டெரியர்கள்', 'மாஸ்டிஃப்கள்' என்று கூட்டம் கூட்டமாகப் பெயர் போட்ட அதே பட்டியல், தவறான கைகளில் மிக வேகமாகக் கடிக்கக்கூடிய மாலினாய்ஸைத் தொடவே இல்லை. இனத்தின் பெயரை வைத்து மட்டும் தடை போட்டால், வாங்குபவர் அடுத்த பெயருக்குப் போவார், விற்பவர் பெயரை மாற்றுவார். வளர்ப்பவரின் இடம், நேரம், அனுபவம் இவற்றைக் கேட்டு உரிமம் தரும் முறை வந்தால்தான் பலன் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

சட்டம் இப்போதே ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இனம் எது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

சரி, வாங்கியே ஆகணும்னா?

முதலில் குட்டியைப் பார்க்காதீர்கள், அதன் தாயைப் பாருங்கள். புது ஆள் வந்தால் தாய் நாய் நிதானமாக இருக்கிறதா, பயந்து ஒடுங்குகிறதா, பாய்கிறதா? குட்டியின் குணத்துக்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. தாயைக் காட்ட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் பெற்றோரின் இடுப்பு எலும்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். பின்முதுகு தரையை நோக்கிச் சரிந்த, ஷோவுக்காக வளர்க்கப்பட்ட வரிசையைவிட, முதுகு நேராக உள்ள வேலை வரிசை உடல் நலத்துக்கு நல்லது. ஆனால் அதற்குத் துடிப்பு அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாள் முழுக்கக் கட்டிப்போடும் எண்ணம் இருந்தால் இந்த நான்கில் எதுவுமே வேண்டாம். எட்டாத தூரத்தில் ஆட்கள் போவதையே பார்த்துக்கொண்டு கிடக்கும் நாய்க்குக் கோபம் சேர்ந்துகொண்டே போகும். கயிறு அறுந்த நாளில் அது யார் மீது இறங்கும் என்று சொல்ல முடியாது.

நடைப்பயிற்சி விடியற்காலை, இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. கோடையில் தார் ரோட்டில் உங்கள் உள்ளங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. வெயில் அதிகம் என்று முடியை மழித்துவிடாதீர்கள். இரண்டு அடுக்கு முடிதான் வெப்பத்தையும் தடுக்கிறது. வாய்மூடியைத் தண்டனையாக இல்லாமல், குட்டியில் இருந்தே அதற்குள் தின்பண்டம் வைத்துப் பழக்கினால், கால்நடை மருத்துவமனையிலும் லிஃப்டிலும் எல்லாருக்கும் நிம்மதி. உள்ளாட்சி உரிமமும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்கட்டும்.

குழந்தைகளும் நாயும் ஒரே அறையில் இருந்தால் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இது ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பொருந்தும், பார்டர் கோலிக்கும் பொருந்தும்.